காசநோயின் வரலாறு – 17: ஏ.ஆர்.டி. காலத்தில் இரட்டைத் தொற்று

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் உலக அளவில் இன்றும் முதலிடம் காசநோய்க்குத்தான். ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துச் சிகிச்சை வந்து கால் நூற்றாண்டைத் தாண்டிய பிறகும் அந்த இடம் மாறவில்லை. குறைந்தது எண்ணிக்கைதான். 2000ஆம் ஆண்டில் இந்த இரட்டைத் தொற்றால் இறந்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2023இல் அது 1,61,000. இந்த இறக்கம் ஏதோ ஒரு மருந்தால் மட்டும் வந்ததல்ல. இரண்டு நோய்களின் மருந்துகளையும் எப்படிச் சேர்த்துக் கொடுப்பது, எதை முதலில் தொடங்குவது, வாரத்துக்கு எத்தனை நாள் கொடுப்பது என்று ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக விடை தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் டர்பன், நோம்பென், அபிஜான் நகரங்களோடு சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு.

காசநோய்க் கிருமி உடலுக்குள் போன எல்லோரும் நோயாளி ஆவதில்லை. நுரையீரலில் இறங்கும் கிருமியை நோயெதிர்ப்பு அணுக்கள் சூழ்ந்து ஒரு சிறு முடிச்சாக இறுக்கி அடக்கி வைக்கின்றன. பெரும்பாலானோரிடம் அது ஆயுள் முழுவதும் அடங்கியே கிடக்கும்; நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டும் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். இந்தக் காவலுக்குத் தலைமை தாங்கும் சிடி4 அணுக்களைத்தான் எச்.ஐ.வி. தேடித் தேடி அழிக்கிறது. அதனால், சிகிச்சை இல்லாத எச்.ஐ.வி. தொற்றாளருக்கு வாழ்நாள் முழுவதற்குமான அந்த அபாயம் ஏறத்தாழ ஒரே ஆண்டுக்குள் வந்துவிடுகிறது.

நோயின் முகமும் மாறிவிடும். சாதாரணக் காசநோயாளியின் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் தெரியும் குழி, கிருமியும் நோயெதிர்ப்புச் சக்தியும் மோதிக்கொள்வதால் உண்டாவது. மோதுவதற்குச் சக்தியே இல்லாத உடலில் குழி விழுவதில்லை. சளியில் கிருமிகள் மிகக் குறைவாக இருக்கும். எக்ஸ்ரே சில சமயம் சுத்தமாகவே இருக்கும். கிருமி மட்டும் நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, மூளையுறை என்று உடலெங்கும் பரவியிருக்கும். ஒரு நூற்றாண்டாக நம்பியிருந்த சளிப் பரிசோதனை இவர்களிடம்தான் அதிகம் தவறியது. மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகரில் எச்.ஐ.வி. தொற்றோடு இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து 1993இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் சாவுக்குக் காசநோயே காரணமாக இருந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் அவற்றில் சிலவற்றில் தொற்று தெரியவந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தொடர் காய்ச்சல், எடை இழப்பு, இருமல் என்று வந்த எச்.ஐ.வி. தொற்றாளர்களைப் பல மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கின. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம் தாம்பரம் சானடோரியம். டேவிட் சவுரிமுத்து 1928இல் தொடங்கி, 1937இல் அரசு எடுத்துக்கொண்ட மருத்துவமனை அது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடையலாம் என்று 1959இல் சென்னை ஆய்வு நிரூபித்த பிறகு, சானடோரியங்களின் காலம் முடிந்தது என்றே மருத்துவ உலகம் நினைத்தது. 1990களில் அந்தப் படுக்கைகள் மீண்டும் நிரம்பின. இம்முறை வந்தவர்களில் பலருக்கு இரண்டு நோய்களும் இருந்தன. மருந்து இருந்ததோ ஒன்றுக்கு மட்டும்.

அந்த ஒரு மருந்தும் சிலருக்கு வினையானது. விலை மலிவென்பதால் ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்கள் தயாசெட்டசோன் என்ற மாத்திரையைப் பெரிதும் நம்பியிருந்தன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தால் தோல் வெந்ததுபோல் உரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று நைரோபியில் நடந்த ஆய்வு 1991இல் தெரிவித்தது. எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பின்னர் வந்தது. ஒரு கூட்டத்தாருக்குப் பாதுகாப்பான மருந்து இன்னொரு கூட்டத்தாருக்கும் பாதுகாப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பாடம் அங்கேயே கிடைத்திருக்க வேண்டும். அது முழுதாக உறைக்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கலாம் என்பது 1996இல் உறுதியானது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் இந்திய நிறுவனமான சிப்லா, அதே மூன்று மருந்துகளை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதற்குப் பிறகுதான் ஏழை நாடுகளில் ஏ.ஆர்.டி. பேச்சளவைத் தாண்டியது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி.யைத் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கணக்கின்படி, ஏ.ஆர்.டி. எடுப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு 65 விழுக்காடு குறைகிறது. ஆனால் ஏற்கெனவே காசநோய் வந்துவிட்டவருக்கு இரண்டு சிகிச்சைகளையும் சேர்த்துக் கொடுப்பது எளிதாக இல்லை.

சிக்கலின் மையத்தில் இருந்தது ரிபாம்பிசின். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் இந்த மருந்துதான் காசநோய்ச் சிகிச்சையை ஒன்றரை ஆண்டிலிருந்து ஆறு மாதமாகச் சுருக்கப் பெரிதும் உதவியது; அதை விட்டுவிட்டு அவ்வளவு குறுகிய காலத்தில் காசநோயைக் குணப்படுத்துவது கடினம். அதுவே கல்லீரலில் உள்ள நொதிகளைத் தூண்டிவிட்டு, மற்ற பல மருந்துகளை வேகமாகச் சிதைக்கவும் செய்கிறது. இந்தியாவில் முதலில் பரவலாகக் கொடுக்கப்பட்ட எச்.ஐ.வி. மருந்துகளில் ஒன்றான நெவிரபின் ரிபாம்பிசினோடு சேரும்போது ரத்தத்தில் அளவு குறைந்துவிடும். எபாவிரன்ஸ் அந்த அளவுக்குப் பாதிக்கப்படாது. ஆனால் விலை அதிகம். தினம் ஒரு வேளை நெவிரபினையும் தினம் ஒரு வேளை எபாவிரன்ஸையும் காசநோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. நெவிரபின் பெற்றவர்களிடம் தோல்வியும் இறப்பும் கூடுதலாக இருந்ததால், கண்காணிப்புக் குழு அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னது. காசநோய் இருந்தால் எபாவிரன்ஸ் என்ற முறை அதன் பிறகு கேள்விக்கு இடமின்றி நிலைபெற்றது.

அடுத்த கேள்வி, ஏ.ஆர்.டி.யை எப்போது தொடங்குவது என்பது. காசநோய் மருந்துகளே ஒரு கைப்பிடி. அதோடு எச்.ஐ.வி. மருந்துகளும் சேர்ந்தால் வாந்தி, கல்லீரல் பாதிப்பு, தோல் அழற்சி எந்த மருந்தால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. அதனால் காசநோய்ச் சிகிச்சை முழுவதையும் முடித்துவிட்டு ஏ.ஆர்.டி. தொடங்குவது நல்லது என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். அக்கறையில் பிறந்த நம்பிக்கைதான். ஆனால் அந்தக் காத்திருப்பிலேயே நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். டர்பனில் சலீம் அப்துல் கரீம் தலைமையில் 642 பேரிடம் நடந்த சாபிட் ஆய்வு இதற்கு முடிவு கட்டியது. காசநோய் மருந்துகள் நடக்கும்போதே ஏ.ஆர்.டி. தொடங்கினால், முடிந்த பிறகு தொடங்குவதைவிட இறப்பு 56 விழுக்காடு குறைந்தது. 2008 செப்டம்பரில் இது தெரிந்ததும் காத்திருந்த பிரிவினருக்கும் உடனே மருந்து தொடங்கப்பட்டது.

கம்போடியாவில் கமெலியா ஆய்வு இன்னும் துல்லியமாகக் கேட்டது: இரண்டாவது வாரமா, எட்டாவது வாரமா? அங்கே சேர்ந்த 661 பேரில் சரிபாதிப் பேரின் சிடி4 எண்ணிக்கை 25 அல்லது அதற்கும் கீழே. ஆரோக்கியமானவரிடம் அது 500க்கு மேல் இருக்கும். எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 விழுக்காட்டினரும், இரண்டு வாரத்தில் தொடங்கியவர்களில் 18 விழுக்காட்டினரும் இறந்தார்கள். மூளையுறைக் காசநோய் மட்டும் விதிவிலக்கு. வியட்நாமில் 253 பேரிடம் நடந்த ஆய்வில், ஏ.ஆர்.டி.யை உடனே தொடங்கியதால் உயிர் பிழைப்பது கூடவில்லை. கடுமையான பக்கவிளைவுகள்தான் கூடின.

சீக்கிரம் தொடங்குவதற்கும் ஒரு விலை இருந்தது. சிகிச்சை தொடங்கிய இரண்டு, மூன்று வாரத்தில், காய்ச்சல் தணிந்து பசி எடுத்துத் தேறிவந்த நோயாளிக்குத் திடீரென்று காய்ச்சல் திரும்பும். கழுத்தில் நெல்லிக்காயளவு இருந்த நெறிகட்டி எலுமிச்சையளவு வீங்கி, பழுத்து, சீழ் உடைந்து வடியும். எக்ஸ்ரே முன்னைவிட மோசமாகத் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளி நினைப்பார். வீட்டார் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். நடப்பது நேர்மாறானது. சிடி4 அணுக்கள் மீண்டு எழுந்து, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த கிருமிகளை அடையாளம் கண்டு தாக்குவதால் வரும் அழற்சி இது. மருத்துவர்கள் இதை ஐரிஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டு மருந்துகளையும் நிறுத்தாமல் ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியைத் தணிப்பதே வழி என்பதை கேப்டவுன் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முன்கூட்டியே நான்கு வாரம் பிரெட்னிசோன் கொடுத்துப் பார்த்ததில், ஐரிஸ் வந்தவர்கள் 46.7 விழுக்காட்டிலிருந்து 32.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். 2018இல் வெளியான முடிவு இது. ஆனால் எந்த ஸ்டீராய்டையும்விட, மருந்து தொடங்கும் நாளிலேயே இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லிவிட்ட ஆலோசகர்களால் சிகிச்சையில் நிலைத்தவர்கள் அதிகம் இருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

ஏ.ஆர்.டி. பரவத் தொடங்கிய அதே ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெரி என்ற சிற்றூர் உலகின் கவனத்துக்கு வந்தது. அங்குள்ள கிராம மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. எடுத்துத் தேறிவந்த சிலர் காசநோயால் திடீரென இறந்தார்கள். காரணம் தேடி 2005 ஜனவரியிலிருந்து 2006 மார்ச் வரை 1,539 பேரின் சளியைச் சோதித்தார்கள். 53 பேரிடம் ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் அசையாத கிருமி இருந்தது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து சரிபாதிப் பேர் 16 நாள்கூடத் தாண்டவில்லை. எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் தொற்று இருந்தது. இதில் மிகக் கசப்பான விவரம், மூன்றில் இரண்டு பங்கினர் அதற்குச் சற்று முன்பு ஏதோவொரு காரணத்துக்காக மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள் என்பது. நோய் பிடித்தது பெரும்பாலும் வார்டிலேயே. எச்.ஐ.வி. நோயாளிகளையும் இருமும் நோயாளிகளையும் ஒரே அறையில் காத்திருக்க வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை உலகம் இங்கேதான் கற்றது. இருமுபவரைத் தனியாக உட்கார வைப்பது, சன்னல்களைத் திறந்து வைப்பது, முகக்கவசம் கொடுப்பது ஆகியவை ஏ.ஆர்.டி. மையங்களின் விதிகளில் அழுத்தமாக இடம்பெற்றன. காசநோய்ச் சோதனையோடு மருந்து எதிர்ப்புத்திறன் சோதனையையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் எக்ஸ்பெர்ட் கருவியை 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட வேகத்துக்கும் டுகேலா ஃபெரியின் அதிர்ச்சி ஒரு காரணம்.

சென்னையின் சொந்தக் கதை வேறு வகையானது. தினமும் மருந்து விழுங்க வேண்டியதில்லை, கண்காணிப்பில் வாரத்துக்குச் சில நாள் கொடுத்தாலே காசநோய் குணமாகும் என்பதை 1960களில் நிறுவிய ஆய்வுகளில் முக்கியமானவை சென்னையில் நடந்தவை. அவற்றின் வழிவந்ததே, 1997இல் விரிவாக்கம் தொடங்கிய தேசியத் திட்டம் கடைப்பிடித்த வாரம் மூன்று நாள் முறை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி. புதிய நோயாளிக்குச் சிவப்பு, மறுசிகிச்சைக்கு நீலம். ஒன்று விட்டு ஒரு நாள் சுகாதாரப் பணியாளரின் கண் முன்னால் ஒரு கைநிறைய மாத்திரைகள். கோடிக்கணக்கானோர் இதில் குணமடைந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இதே முறை போதுமா என்ற கேள்வியை, அம்முறையை வளர்த்தெடுத்த சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே கேட்டது. அந்நிறுவனத்தின் சௌமியா சுவாமிநாதனும் உடன் பணியாற்றியவர்களும், வாரம் மூன்று நாள் மருந்தை ஆறு மாதம் கொடுப்பதையும் ஒன்பது மாதம் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். இலவச ஏ.ஆர்.டி. பரவலாகாத ஆண்டுகளில் தொடங்கிய ஆய்வு அது. 2010இல் வெளியான முடிவின்படி ஆறு மாதம் எடுத்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. ஒன்பது மாதம் எடுத்தவர்களில் 7 விழுக்காடு. இரண்டு பிரிவிலும் மூன்று ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருந்தார்கள். காசநோய் மருந்தை நீட்டிப்பதால் உயிர் காக்க முடியாது, ஏ.ஆர்.டி. இல்லாமல் முடியவே முடியாது என்பதை இந்த எண்கள் காட்டின. இன்னொன்றும் தெரிந்தது. சிகிச்சை தோற்றவர்கள் பலரிடம், தொடங்கும்போது இல்லாத ரிபாம்பிசின் எதிர்ப்புத்திறன் புதிதாக முளைத்திருந்தது.

அதற்கான விளக்கம் ஓரளவு அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில் கிடைத்தது. எச்.ஐ.வி. முற்றியவர்களின் குடல் ரிபாம்பிசினையும் ஐசோனியசிடையும் சரியாக உறிஞ்சுவதில்லை என்பதை 2004இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் மருந்தும் குறைவாகவே உள்ளே போகிறது. இடைப்பட்ட நாளில் கிருமியைத் தடுக்கச் சொந்த எதிர்ப்புச் சக்தியும் இல்லை. எதிர்ப்புத்திறன் முளைக்க இதைவிட வாய்ப்பான சூழல் கிடையாது.

அடுத்து, எச்.ஐ.வி. உள்ள 331 காசநோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்: தினசரி மருந்து, முதல் இரண்டு மாதம் மட்டும் தினசரி, முழுவதும் வாரம் மூன்று நாள். ஏ.ஆர்.டி.யும் உடன் தரப்பட்டது. 2018இல் வெளியான முடிவில் தினசரி எடுத்தவர்களில் 91 விழுக்காட்டினர் நலமடைந்திருந்தார்கள். வாரம் மூன்று நாள் எடுத்தவர்களில் 77 விழுக்காட்டினர். புதிய ரிபாம்பிசின் எதிர்ப்புத்திறன் தினசரிப் பிரிவில் ஒருவரிடமும் தோன்றவில்லை. தன் பெயருக்குப் பெருமை சேர்த்த முறையைத் தன் கையாலேயே சோதித்து, அது இவர்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்த நேர்மைக்காக இந்த ஆய்வு நினைவில் நிற்க வேண்டியது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்குத் தினசரி மருந்தை முன்பே வலியுறுத்தியிருந்தது, இந்தியா தாமதித்தது. அந்தத் தாமதத்துக்குச் சிலர் உயிரை விலையாகக் கொடுத்திருப்பார்கள். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காசநோயாளிகளுக்கும் ஒன்பது மாதங்களுக்குள் தினசரி முறையைக் கொண்டுவர உத்தரவிட்டது. அந்த ஆண்டின் இறுதிக்குள் நாடு தினசரி முறைக்கு மாறியது.

தினமும் ஒருவர் கண் முன்னால் மருந்து விழுங்க வைப்பது நடவாத காரியம். அதனால் ஏ.ஆர்.டி. மையங்களில் 99டாட்ஸ் என்ற ஏற்பாடு வந்தது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுக்கும்போது உறையின் உள்ளிருந்து ஒரு தொலைபேசி எண் தெரியவரும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மருந்து சாப்பிட்டாயிற்று என்று பதிவாகும். செலவில்லாத எளிய யோசனை. ஆனால் சென்னை, வேலூர், மும்பை மையங்களில் சிறுநீரில் ஐசோனியசிட் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தபோது, அழைக்காத பலர் மருந்து சாப்பிட்டிருந்தார்கள். அழைத்த சிலர் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்து விசாரிக்கும் மனிதருக்கு எந்த எண்ணும் ஈடாகவில்லை.

நோய் வருமுன் காப்பதில்தான் தயக்கம் அதிகம் இருந்தது. ஐசோனியசிட் ஒன்றை மட்டும் ஆறு மாதமோ அதற்கு மேலோ கொடுத்தால் அடங்கிக் கிடக்கும் கிருமியை அழிக்கலாம் என்பது பழைய அறிவு. வெளியே தெரியாத காசநோய் இருப்பவருக்குத் தனி மருந்து கொடுத்தால் எதிர்ப்புத்திறன் உருவாகிவிடும் என்ற அச்சம் மருத்துவர்களை நிறுத்தி வைத்தது. ஏ.ஆர்.டி. இருக்கும்போது இது தேவையா என்ற ஐயமும் இருந்தது. அபிஜானில் 2,056 பேரிடம் நடந்த டெம்ப்ரானோ ஆய்வு இரண்டையும் தீர்த்தது. ஏ.ஆர்.டி.யோடு சேர்த்தோ சேர்க்காமலோ ஆறு மாத ஐசோனியசிட் பெற்றவர்களிடம் இறப்பு 37 விழுக்காடு குறைந்ததும், அந்தப் பலன் ஆறு ஆண்டு வரை நீடித்ததும் 2017இல் வெளியாயின. 2018இல் ஐ.நா. உயர்மட்டக் கூட்டம், 2022க்குள் எச்.ஐ.வி. உள்ள 60 லட்சம் பேருக்குத் தடுப்பு மருந்து என்று இலக்கு வைத்தது. 2021 முடிவதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குக் கொடுக்கப்பட்டது. ரிபாபென்டைனும் ஐசோனியசிடும் சேர்ந்த ஒரு மாதத் தினசரிச் சிகிச்சையும், ஒன்பது மாத ஐசோனியசிடுக்குக் குறைந்ததல்ல என்று 2019இல் தெரியவந்திருந்தது.

இன்றைய ஏ.ஆர்.டி.யின் முதுகெலும்பு டோலுடெக்ராவிர். ரிபாம்பிசின் இதையும் சிதைக்கும். அதனால் காசநோய்ச் சிகிச்சை நடக்கும் காலத்தில் காலையில் 50 மில்லிகிராம், இரவில் இன்னொரு 50 மில்லிகிராம் என்று இரட்டை வேளை. சிடி4 எண்ணிக்கை எதுவானாலும், மூளையுறைக் காசநோய் இல்லாதவரை, இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கிவிட வேண்டும் என்பது 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

இத்தனைக்குப் பிறகும் இறப்பவர்கள் யார்? எச்.ஐ.வி. உள்ள வயதுவந்தோரின் உடற்கூறாய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 40 விழுக்காட்டு உடல்களில் காசநோய் இருந்தது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு உயிரோடிருந்தவரை நோய் கண்டறியப்படவேயில்லை. சளி துப்பக்கூடத் தெம்பில்லாதவர்களுக்காகவே சிறுநீர்ச் சோதனைப் பட்டை வந்தது. சில சொட்டுச் சிறுநீர், 25 நிமிடம், மின்சாரம் தேவையில்லை. மருத்துவமனையில் சேர்க்கப்படும் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்தியபோது இறப்பு குறைந்ததை ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வு 2016இல் காட்டியது. அந்தப் பட்டை அதிகம் தேவைப்படுபவர்களில், ஒருபோதும் சோதனைக்கு வராதவர்களோடு ஒருகாலத்தில் ஏ.ஆர்.டி. எடுத்துவிட்டு இடையில் நிறுத்தியவர்களும் பெருகி வருகிறார்கள். வேலைக்காக ஊர் மாறியவர், மருந்துப் புட்டியை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க முடியாமல் போனவர், உடம்பு தேறிவிட்டது இனி எதற்கு என்று விட்டவர் எனக் காரணங்கள் பல. சிடி4 மீண்டும் சரிந்து, காய்ச்சலோடும் எலும்பும் தோலுமாகவும் இவர்கள் வார்டுக்குத் திரும்பும்போது, இவர்களிடம் முதலில் தேட வேண்டியதும் காசநோயைத்தான்.

(தொடரும்)